குலக்கல்லின் முன்னே ஒரு கேள்வி

"அண்ணன் இன்னும் வரலையா அக்கா? வெயில் ஏறிடுச்சு," என்று பான்ஷான் மறுபடியும் வந்து கேட்டான். தியுலினுக்குத் தம்பி முறை அவன்.

தியுலின் அடுப்பில் வெந்துகொண்டிருந்த பன்றிக்கறியைக் கிளறினாள். வாசலில் குலத்தார் எல்லாரும் வெற்றிலை மென்றபடி காத்திருந்தார்கள். அவளுடைய தாயை எரித்துப் பொறுக்கிய எலும்புகள் இத்தனை வருடமாய் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்பெட்டியில் தனியாகக் கிடந்தன. இன்றுதான் அவற்றைக் குலத்தார் எல்லாருடைய எலும்புகளும் இருக்கும் குலக்கல்லுக்கு எடுத்துப்போய், மூத்த தாய்மாரோடு சேர்க்கும் நாள். சடங்கை நடத்த வேண்டியவன் அவள் அண்ணன் கின்சாய். காசி பழங்குடிக் குடும்பத்தில் ஆண் பிள்ளை மனைவி வீட்டில் குடியிருந்தாலும், பிறந்த வீட்டுச் சாமி காரியம் அவன் கையில்தான்.

"அண்ணன் சொன்னா சொன்னபடி வருவாரு. நீ போய் உட்காரு."

பான்ஷான் போகவில்லை. தலையைச் சொறிந்தான்.

"அக்கா... உங்களுக்கு நிஜமாவே யாரும் சொல்லலையா? போன ஞாயித்துக்கிழமை அண்ணன் ஞானஸ்நானம் வாங்கிட்டாரு. ஆத்துல இறங்கி முங்கினதைச் சந்தைக்குப் போன ஜனமெல்லாம் பார்த்திருக்கு."

கரண்டி கறிக்குள்ளேயே நின்றுவிட்டது.

கின்சாய் அண்ணனா? தாரிஷாவை இந்த வீட்டை விட்டுத் துரத்தியவனா?

தாரிஷா தியுலினுக்கு ஒரே மகள். தாய்வழிக் குலம் என்பதால் வீடும் அடுப்பும் குலத்தின் காரியங்களும் அந்த மகளுக்குத்தான் வரவேண்டும். அவள் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு தேவாலயத்தில் சேர்ந்தபோது, இதே வாசலில் நின்று கின்சாய் சொன்னான்: "இனி இவ இந்த வீட்டுச் சோத்துல கை வைக்கக்கூடாது. நீ அவகிட்டப் பேசினா அம்மா எலும்பு அந்தப் பெட்டியிலேயே கிடந்து மக்கட்டும், நான் தொடமாட்டேன்."

தியுலின் அண்ணன் பேச்சைத் தட்டவில்லை. தாய்க்காக மகளை விட்டாள். தாரிஷாவின் வீடு அதே ஊரின் மேட்டில்தான் இருந்தது. தேவாலய மணி அடிக்கும்போதெல்லாம் அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். சந்தையில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேத்தி பிறந்ததை மீன்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அன்று ஓடைக்கு இரண்டு நடை கூடுதலாகப் போய்த் தண்ணீர் சுமந்தாள், அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது என்று.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடையைத் தாண்டி அண்ணன் மனைவியின் வீட்டுக்கு நடந்தாள்.

கின்சாய் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தான்.

"அங்க எல்லாரும் காத்திருக்காங்க அண்ணே."

"நான் வரமுடியாது தியுலின். இனிமே அது என்னால முடியாது."

"எப்ப சொல்றதா இருந்தே? அம்மாவைத் தூக்கிக் கையில வச்சுக்கிட்டு நிக்கும்போதா?"

"சொல்லத்தான் நினைச்சேன். இங்க பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாரும் ஒரு பக்கம். சாப்பிட உட்கார்ந்தா அவங்க ஜெபம் பண்ணுவாங்க, நான் வேத்தாள் மாதிரி தட்டைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். வயசாகுதும்மா. தனியா இருக்கப் பயமாயிருக்கு."

"தனியா இருக்கிறதைப் பத்தி என்கிட்டயா சொல்றே? நீ செத்தா இவங்க உன்னை மண்ணுக்குள்ள புதைப்பாங்க. குலக்கல்லுல அம்மாவுக்கு அடுத்து நீ, உனக்கு அடுத்து நான்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே..."

அவன் தலை குனிந்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி ஹெலினா வெளியே வந்தாள். அவள் கண்களும் சிவந்திருந்தன.

"மீதியையும் சொல்லிடுங்க. முங்கி எழுந்தவர் பொய்யை மடியில கட்டிக்கிட்டு இருக்கக்கூடாது."

"என்ன மீதி அண்ணி?"

"நீ காய்ச்சல்ல நினைவு தப்பிக் கிடந்தியே, அப்ப தாரிஷா கஞ்சி எடுத்துக்கிட்டு உன் வாசலுக்கு வந்தா. இவர்தான் அங்க காவல் இருந்தார். 'உன் மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னு உங்க அம்மா சொல்லிட்டா'ன்னு திருப்பி அனுப்பிட்டார். அது ஒரு தடவை இல்ல. பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கிட்டு வந்தா. நீ வயலுக்குப் போயிருந்தே, வாசல்ல இருந்த இவர் அப்பவும் அதையேதான் சொல்லி அனுப்பினார்."

தியுலின் மெல்ல விறகுக் குவியல்மேல் உட்கார்ந்தாள். கண் திறந்த அன்று, "தாரிஷா வந்தாளா?" என்று இதே அண்ணனிடம்தான் கேட்டாள். "உன்னை மறந்துட்டா, நீயும் மற," என்று அவன் சொன்னது இப்போதும் காதில் இருந்தது.

"ஏன் அண்ணே?"

"அவளைச் சேர்த்துக்கிட்டா நீயும் போயிடுவியோன்னு பயம். அதைவிட... எனக்கே மனசு அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டிருந்தது. அவளை உள்ளே விட்டா என்னை நானே பிடிச்சு நிறுத்த முடியாதுன்னு தோணிச்சு."

"உன்னைப் பிடிச்சு நிறுத்த என் பிள்ளையா கிடைச்சா?"

அவள் எழுந்து நடந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. மேட்டில் ஏறினாள்.

தாரிஷா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் ஈரத்துணி கையிலிருந்து நழுவியது.

"யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"நான் சொல்லலடி," என்றாள் தியுலின், மூச்சு வாங்க. "உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. நீ வந்ததே எனக்குத் தெரியாது."

தாரிஷா நழுவிய துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். "நீங்க கேட்கலாமேம்மா. நாலு வீடு தள்ளித்தானே இருக்கேன். மாமா என்ன சொன்னாலும், நீங்க ஒரு தடவை மேல ஏறி வந்து கேட்டிருக்கலாமே."

 தியுலினின் கைகள் தானாக நீண்டன. மகள் அந்தக் கைகளுக்குள் வந்து விழுந்து தேம்பினாள்.

இருவரும் குலக்கல் இருந்த தோப்புக்குப் போனபோது, பான்ஷான் எலும்புகளை வெள்ளைத் துணியில் முடிந்து தயாராக வைத்திருந்தான். கின்சாய் மதம் மாறிவிட்டதால் சடங்கு இப்போது பான்ஷானின் பொறுப்பாகியிருந்தது. மதம் மாறியவர்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் கின்சாய் வேலிக்கு வெளியே நின்றிருந்தான். தாரிஷாவும் அங்கேயே நின்றுகொண்டாள்.

கல்லைத் திறக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வியைப் பான்ஷான் கேட்டான். குலத்துக்குள் பிணக்கு இருக்கும்போது எந்த எலும்பும் கல்லுக்குள் போகக்கூடாது.

"யாருக்காவது யார்மேலயாவது மனத்தாங்கல் இருக்கா?"

"இல்ல," என்றார்கள் ஒவ்வொருவராக. தியுலின் முறை வந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் எல்லாவற்றையும் இழந்தாள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"இருக்கு," என்றாள்.

வேலிக்கு வெளியே கின்சாய் முழங்காலிட்டான். தான் செய்ததை எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். "என் தங்கச்சியும் அவ மகளும் ஒரு தப்பும் பண்ணல," என்று முடித்தபோது அவன் குரல் உடைந்தது. கூட்டத்தில் பெண்கள் விசும்பினார்கள்.

"இப்பவாவது இல்லைன்னு சொல்லுங்க அக்கா," என்றான் பான்ஷான் தாழ்ந்த குரலில்.

"நீ சாமி மாறினதுக்கு நான் கோபப்படல அண்ணே. ஆனா பொய் சொல்லி என்னைப் பிள்ளை இல்லாதவளாக்கினே. என்னிக்காவது ஆறும். ஆறினதும் நானே உனக்குச் சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் பொய் சொல்லி எங்க அம்மாவை உள்ளே வைக்கமாட்டேன்."

வெள்ளை முடிச்சை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். தாரிஷா கூடவே வந்தாள்.

எலும்புகளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கை கால் கழுவி, மகளுக்குச் சோறு போட்டாள். சடங்கு நின்றுபோனதால் அது மூதாதையருக்குப் படைக்காத சோறு, கிறிஸ்தவளான தாரிஷா சாப்பிடத் தடை இல்லை. அவள் கண்ணை மூடி, கை குவித்து ஜெபம் செய்தாள். தியுலின் கறிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை சத்தம் போடாமல் காத்திருந்தாள்.