கடைசி வாங்கில் இருந்தவள்

கொட்டாஞ்சேனையில் உள்ள அந்தப் பழைய மாடிவீட்டுக்கு நான் காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை தொடங்கியிருந்தது. கீழே ஷரீபின் ஏஜென்சி. மேலே நீளமான ஓர் அறை. முதன்முதலாக வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு அங்கேதான் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது வருடம் அரபு வீடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள் என்பதுதான் என் தகுதி.

ஷரீப் நானா அன்றைய கோப்புகளைத் தந்தார். பதினொரு பேர். மூன்றாவது கோப்பு, கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஹிபாவுடையது. செவ்வாய்க்கிழமை அவள் போகவேண்டிய வீட்டின் முகவரியை இரண்டு முறை வாசித்தேன்.

“இது ரதி போன வீடு, நானா.”

“அது பழைய கத, யூஜினா. விபத்து எண்டு எழுதி முடிச்சாச்சி. புள்ளைகள பயங்காட்டாம பாடத்த நடத்துங்க.”

கோப்புகளை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

அறையில் ஈரச் சுவரின் வாசனையோடு குளியலறை கழுவும் குளோரின் வாசனையும் இருந்தது. அன்று யாரும் எதையும் கழுவியிருக்கவில்லை. பெண்கள் முன் வாங்குகளில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாகக் கிடந்த கடைசி வாங்கு காலியாக இருந்தது.

வழக்கம்போலத் தொடங்கினேன். “எயார்போட்டில ஆர் பார்சல் தந்தாலும் வாங்காதீங்க. சொந்த மச்சான் தந்தாலும் வேணாம்.”

“எங்கட மச்சான் ஒண்டும் தரமாட்டார் டீச்சர், வாங்கத்தான் தெரியும்” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கவைப்பது எனக்குக் கைவந்த கலை. போன வருடம் ரதியும் சிரித்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். கடைசி வாங்கில்தான் இருந்தாள்.

“டீச்சர், கதவ வெளியில பூட்டிட்டா என்னா செய்றது?” என்று கேட்டாள்.

“நல்லம்தானே, கள்ளன் வரமாட்டான்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. கேட்டது பிழையோ என்பதுபோல அவளும் கொஞ்சம் பிந்திச் சிரித்தாள்.

நான்கு மாதம் கழித்து, போன வீட்டின் மூன்றாம் மாடிக் குளியலறை ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனாள்.

ரதி கேள்வி கேட்ட அதே இடத்துக்கு ஹிபாவின் வகுப்பிலும் வந்தேன். “மேடம் பாஸ்போட்டக் கேட்டா, பிரச்சினைப்படாமக் குடுத்திருங்க.” சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

ஹிபாவின் பேனா நிற்கவில்லை.

தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் பேசவில்லை. மழை மட்டும்தான் பேசியது.

“என்ன எழுதுறீங்க, ஹிபா?”

“பின்னுக்கு ஈக்கிற அக்கா செல்லித்தாற, டீச்சர். அவவும் போய் வந்தவவாம்.”

கொப்பியை வாங்கினேன். ஹிபாவின் உருண்டையான கையெழுத்துத்தான். பேச்சு அவளுடையதல்ல, தோட்டத்துப் பேச்சு.

‘கதவ வெளியில பூட்டுவாங்க. குசினிச் சாவி அரிசி வாளிக்குப் பின்னால தொங்கும். வெள்ளிக்கிழம காலையில எல்லாரும் தூங்குவாங்க. அப்ப போகணும்.’

‘பாத்ரூம் ஜன்னலால எறங்க வேணாம். தரை கிட்டத்துல இருக்க மாதிரி தெரியும். கிட்டத்துல இல்ல.’

அடுத்த வரியை வாசித்தேன்.

‘டீச்சர் நம்பர நம்பாதீங்க. நா மூணு தடவ எடுத்தேன்.’

அவசரமென்றால் கூப்பிடச் சொல்லி என் நம்பரை எல்லோருக்கும் கொடுப்பேன். ரதி கூப்பிட்டது மூன்று தடவை. அது என் கைபேசிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வெளிநாட்டு எண்ணைப் பார்த்ததும், வீட்டு நினைவில் அழுகிறார்கள், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று எண்ணி, கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அன்று எனக்கு வேறு வேலைகூட இருக்கவில்லை. தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். இதை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

ஹிபாவை வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரதி, அந்த வீடு, ஜன்னல். அவள் என் கையிலிருந்த கொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“அப்ப அந்த அக்கா இல்லாட்டி, நீங்க என்னய அந்த வீட்டுக்கு அனுப்பித்தான் ஈப்பீங்க?”

அனுப்பித்தான் இருப்பேன்.

அவள் படியிறங்கினாள். கீழே, “எண்ட பாஸ்போட்டத் தாங்க, நானா” என்ற குரல் கேட்டது. ஷரீப் கத்தினார். அவள் மறுபடியும் கேட்டாள். பிறகு தெருக்கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

ஒருத்தி தப்பிவிட்டாள் என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடியுமுன்னே தெரிந்தது: அந்த வீட்டுக்கு இன்னும் ஒரு பெண் வேண்டும். உள்ளே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஷரீப் மேலே வருமுன் அவர்களுக்கும் சொல்லவேண்டும். சொன்னால் எனக்கு நாளையிலிருந்து வேலை இருக்காது. பாடத்தை முடித்துவிட்டு ஒவ்வொருத்தியாகச் சொல்லலாமே என்று மனம் உடனே ஒரு வழி கண்டுபிடித்தது. என் மனம் எவ்வளவு விரைவாக வழி கண்டுபிடிக்கிறது.

உள்ளே சத்தமே இல்லை.

கதவைத் திறந்தேன்.

பத்துப் பேரும் எனக்கு முதுகைக் காட்டி, காலியான கடைசி வாங்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கொப்பிகள். பத்துப் பேனாக்களும் ஒன்றாக ஓடின. ஒன்றாக நின்றன. எதையோ கேட்டுத் தலையாட்டிவிட்டு மறுபடியும் ஓடின.

நான் வாசலில் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.