முகடுவரை ஒரு சுவர்

மூன்றாவது நாளும் மாலை ஆறேகாலுக்குத்தான் அலாரம் அலறியது.

டிலுக்ஷி பைக்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்த தன் வீட்டுக் காம்பராவுக்குள் ஏற்றி, கடைசிச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, ரிமோட்டை அமுக்கிவிட்டுக் குசினியில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். மழை இல்லை. பூனை இல்லை. கூரை மாற்ற வந்திருக்கும் தர்ஷன் நாலரைக்கே சீமெந்துக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். பழைய தகரத்தைக் கழற்றிய இடத்தில் கட்டியிருந்த தறப்பாள்கூட அசையவில்லை. ஆனால் அவள் ஓடிவந்து பார்த்தபோது பைக்கின் சிக்னல் விளக்குகள் வெட்டி வெட்டி எரிந்தன. சீட்டில் அமுங்கியிருந்த பள்ளம், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

ரிமோட்டை அமுக்கி அதன் வாயை அடைத்தாள்.

"ஏ புள்ள," பக்கத்துக் காம்பராவிலிருந்து வீரம்மாவின் குரல் கூரைக்கடியால் வந்தது. "ஒம் பைக்கு என்னா, பெரட்டுக்கு, கொழுந்து வேலைக்கு ஆள் கூப்புடுதா? காலையிலதான் ஒருக்கா போயிட்டு வந்தேன்."

"நிப்பாட்டிட்டேன் அத்தை. நீங்க படுங்க."

"அதுக்கும் ஒரு மாப்பிள்ளையப் பாரு. ஒனக்குப் பாக்கும்போது சேத்துப் பாரு."

 மூன்று வாரத்துக்கு முன் டவுனில் அலாரம் பூட்டியவன் "எலி ஓடினாலும் கத்தும் மிஸ்" என்று பெருமையாகச் சொன்னான். கத்தியது. இடிக்குக் கத்தியது, லொறிக்குக் கத்தியது, தர்ஷனின் சுத்தியலுக்குக் கத்தியது, அப்பாவின் தும்மலுக்குக் கத்தியது. கழற்றி எறியலாம். ஆனால் போன வாரம் கீழ் லயத்தில் ஒரே இரவில் இரண்டு பைக்குகள் போயின. அதற்குப் பிறகு, இந்த மூன்று நாளாகத்தான் அவள் பைக்கை வாசல் இஸ்தோப்பில் விடாமல் உள்ளே ஏற்றினாள். அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் கந்தப்பளைக்கும் அப்பால். முதல் பஸ் போய்ச் சேரும்போது இரண்டாம் பாடம் முடிந்துவிடும். பைக் போனால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். அம்மா இறந்து நான்கு வருடம். சீனி வியாதிக்கு ஒரு பாதத்தைக் கொடுத்துவிட்ட அப்பா செபமாலை இங்கே தனியாகக் கிடப்பார். பல்கலைக்கழகம் வரைக்கும் படித்து வந்தவளுக்கு இந்த லயத்தில் வாய்த்த காவல்காரன் ஒரு இரும்புத் தொண்டை.

மறுநாள் சனிக்கிழமை. ஏணி உச்சியிலிருந்து தர்ஷன் கூப்பிட்டான். "டீச்சர், கொஞ்சம் ஏறிப் பாருங்க."

ஏறினாள். பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய், முகட்டைத் தொடாமல் நின்றுவிடும். புகை போவதற்காக வெள்ளைக்காரன் விட்ட இடைவெளியாம். அந்த வழியாக ஒருவருடைய இருமல், சண்டை, முதலிரவு எல்லாம் பத்து வீட்டுக்கும் பொது. நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சுவரின் மேல்விளிம்பு முழுக்கப் பல காலத்துப் புகைக்கரி. தொட்டால் மாவாக உதிர்ந்தது. பைக்குக்கு நேர் மேலே மட்டும் கரி இல்லை. அங்கே கல் தேய்ந்து, வழவழத்து, பஸ்ஸில் பிடித்துப் பிடித்து மினுங்கும் கம்பிபோல இருந்தது. நாள்பட்ட எண்ணெய்த் தலையின் வாடை வந்தது.

"இது ஒருநா ரெண்டுநா வேலை இல்ல," என்றான் தர்ஷன். "வருசக்கணக்கா ஏறி எறங்கியிருக்கான்."

அந்தப் பக்கம் லயத்தின் கடைசிக் காம்பரா. குடியிருந்தவர்கள் போய்ப் பல வருடம். தோட்டத்து ஆபீஸ் கதவுக்கு ஆணி அடித்து வைத்திருந்தது. தர்ஷன் போன் வெளிச்சத்தை உள்ளே இறக்கினான். தரை முழுக்கத் தூசி, விரித்த துணிபோல, ஒரு மடிப்பும் இல்லாமல்.

"காலடி ஒன்னயும் காணோமே டீச்சர்."

"சுவரோரமா நடந்திருப்பான்."

இறங்கி ஆபீசுக்குப் போன் அடித்தாள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். திருடன் எழுதிக் கொடுத்துவிட்டா வருகிறான்? போனை வைத்துவிட்டுத் தர்ஷனைப் பார்த்தாள்.

"கல்லு மிச்சம் இருக்குல்ல? ரெண்டு பக்கமும் முகடுவரைக்கும் அடைச்சிரு. இன்னைக்கே."

"வந்தவன் ஒரு ஊசியக்கூட எடுக்கலியேம்மா," என்றார் கட்டிலில் கிடந்த செபமாலை.

"எடுக்குற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கணுமாப்பா?"

வீரம்மா வாசலில் வந்து நின்று மேலே பார்த்தாள். "எல்லா லயத்துலயும் தொறந்துதானே கெடக்கு. அடைச்சா பொகை எங்கிட்டுப் போவும்?"

"எதுவும் எங்கிட்டும் போக வேணாம் அத்தை."

ஐந்து மணிக்கு இரண்டு பக்கச் சுவரும் முகட்டைத் தொட்டன. புதுத் தகரமும் ஏறியிருந்தது. காம்பராவின் மின்வயரைத் திங்கட்கிழமை இழுப்பதாகச் சொல்லிவிட்டுத் தர்ஷன் போனான். அவள் பைக்கை அதே சுவரடியில் நிறுத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, ரிமோட்டை அமுக்கினாள். ஈரச் சீமெந்தின் வாசனை நெஞ்சுக்கு இதமாக இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்கு நான்கு சுவரும் முழுசாக இருந்தன.

மலையிலிருந்து மூடுபனி இறங்கி ஜன்னல் இடுக்குகளால் உள்ளே கசிந்தது. குசினியில் பச்சை விறகு சீறியது, புதுத் தகரம் குளிரில் சுருங்கி எங்கோ ஒரு மூலையில் 'டொக்' என்றது, அடுப்பருகே உட்கார்ந்திருந்த அப்பா காலில் தேய்த்த தைலத்தின் நெடியும் போக வழியில்லாத புகையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்கின. அவள் நேரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

ஆறேகால்.

அலாரம்.

எரிச்சல்தான் முதலில் வந்தது. கதவு பூட்டு. சுவர் முகடுவரை. இனி என்னத்துக்குக் கத்துகிறது இந்தச் சனியன்? நாளைக்கே அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடைக்காரன் மேசையில் எறிய வேண்டும். போனை அடுப்படியிலேயே விட்டு, ரிமோட்டோடு நடந்தாள். வாசற்படியில் நின்றாள்.

காம்பரா இருட்டு. சிக்னல் விளக்குகள் மட்டும்.

வெளிச்சம். சுவர்.

இருட்டு.

வெளிச்சம். சீட்டின்மேல் சீமெந்துத் துகள் கொட்டிக்கொண்டிருந்தது.

இருட்டு.

வெளிச்சம். சீட்டில் இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள். கரியேறி, வெடித்து, சரிவில் நிற்கிற கொழுந்துக்காரியின் பாதங்கள்போல விரல்களை அழுத்தி ஊன்றி நின்றன.

இருட்டு. அலறலுக்கு நடுவே நகம் சுரண்டும் சத்தம்.

வெளிச்சம். முதுகு. இடுப்பைச் சுற்றி, கொழுந்தெடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு. மேலே நீண்ட கைகள், நீண்டுகொண்டே போகும் கைகள், ஈரச் சீமெந்தைத் தோண்டிக்கொண்டிருந்தன. முகம் சுவரில் பதிந்திருந்தது.

அது பைக்கைப் பார்க்கவே இல்லை.

கதவு பூட்டு. சுவர் முகடுவரை. உள்ளே வர வழி இல்லை.

அது வரவில்லை. எந்த நாளும் ஆறேகாலுக்கு அது வரவில்லை. போய்க்கொண்டிருந்தது.

அப்படியானால் பகல் முழுக்க இங்கே. அப்பாவோடு.

கைகள் நின்றன. தலை சுவரிலிருந்து பிரிந்து, மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.

அவளுடைய பெருவிரல் மூன்று வாரப் பழக்கத்தில் தானாகவே ரிமோட்டை அமுக்கியது.

அலாரம் அடங்கியது. விளக்குகள் அணைந்தன. சுரண்டலும் இல்லை.

"நிப்பாட்டிட்டியாம்மா?" என்றார் அப்பா, குசினியிலிருந்து.

 சீட்டின் ஸ்பிரிங் முனகியது. ஒரு பாரம் இறங்கியது. அலாரம் கத்தவில்லை. அதை அவள்தான் அணைத்திருந்தாள்.

எண்ணெய்த் தலையின் வாடை.

பக்கத்தில்.

தலையை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தபடியே பொத்தானைத் தடவினாள். அமுக்கினாள். பூட்டிக்கொள்ளும்போது வருகிற ஒரே ஒரு வெளிச்சம், ஒரே ஒரு தடவை வெட்டியது.

வாசற்படியில் அவளுடைய இரண்டு பாதங்கள். அவற்றுக்கு எதிரே, விரலோடு விரல் தொடுகிற தூரத்தில், வேறு இரண்டு.