பூங்கொடிக்குப் பதிலாக எடுத்த படம்

செல்வலட்சுமி டீயை ஒரு தடவைதான் ஊதினாள். ஆவி இரண்டு தடவை விலகியது.

டம்ளரும் கையுமாக அடுப்படியில் அப்படியே நின்றாள். கரண்ட் போயிருந்ததால் காத்தாடி சுற்றவில்லை. கரிசல் புழுதிக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியே வைத்திருந்தாள். மறுபடி ஊதிப் பார்த்தாள். ஆவி சாய்ந்து நிமிர்ந்தது; அவள் வாயை மூடிய பிறகு இன்னொரு தரம், தயங்கித் தயங்கிச் சாய்ந்தது. கண்ணில்தான் கோளாறு என்று டீயைக் குடித்து முடித்தாள். தீக்குச்சி மூட்டைக்குள் கிடந்த கட்டுவிரியனை விளக்குமாற்றால் அடித்துப் போட்டுவிட்டு மிச்ச வேலையைப் பார்த்தவள் அவள். டீ ஆவிக்கெல்லாம் பயப்படுகிற ரகமில்லை.

மில்லில் ஷிப்ட் முடித்து வந்த புருஷன் பேச்சிராஜா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"ஏட்டி, முந்தாநாள் ராத்திரி ஏன் அப்படி மூச்ச இழுத்துக்கிட்டுக் கெடந்த? பூங்கொடி இழுக்குத மாதிரில்லா இருந்துச்சு."

"நீங்க கனாக் கண்டிருப்பீங்க."

"நான் காணுத கனாவுல நீ ஏன் வாரே?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

பூங்கொடி செத்துப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தீப்பெட்டி ஆபீசில் பதினாறு வருஷம் செல்வலட்சுமிக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பெட்டிக்குள் குச்சி அடைத்தவள். அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி ஒருநாள் வரவில்லையென்றால் மத்தியானத்துக்குள் கணக்கப்பிள்ளை அவள் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். இடம் போனால் போனதுதான். அதனால் பக்கத்தில் இருப்பவள் இரண்டு இடத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, வராதவள் பெயரிலும் பெட்டி அடைத்துப் போடுவாள். மறுநாள் அவள் வந்து நின்றதும், பேசாமல் நகர்ந்து கொடுத்துவிட வேண்டியது. இதை யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. நன்றி சொல்வதுமில்லை.

பூங்கொடிக்கு நுரையீரல் காய்ந்து இறுகிப்போகும் நோய். மூச்சை நீளமாக இழுப்பாள், முடிவில் இரண்டு சின்ன வெட்டு வெட்டி நிற்கும். பைபாஸ் ரோட்டில், கடலைமிட்டாய்ப் பட்டறைக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே புது விதமான படமும் எடுத்தார்கள். பையில் அடைத்த ஒரு வாயுவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிஷினுக்குள் படுத்தால், நெஞ்சுக்குள் காற்று போகிற இடமெல்லாம் வெளிச்சமாக விழும். காற்று எட்டாத இடம் இருட்டு. பூங்கொடியும் அதில் சேர்ந்தாள். முதல் படத்தில் அவள் நெஞ்சு பாதிக்கு மேல் இருட்டு.

நாலாவது தடவை போகவேண்டிய அன்று அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. போகாவிட்டால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள், மருந்து கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"எனக்குப் பதிலா நீ போய்ப் படுத்துட்டு வாட்டி," என்றாள் பூங்கொடி. "என் இடம் போயிரக் கூடாது."

செல்வலட்சுமி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் செய்கிற காரியம்தானே. அன்றைக்கு அங்கே இருந்தது புதுப் பெண். அட்டையை வாங்கிப் பார்த்தாள். அட்டையில் இருந்த போட்டோவில் பூங்கொடியைப் பூங்கொடிக்கே அடையாளம் தெரியாது. படம் எடுத்து முடிந்ததும் டாக்டர் முகமெல்லாம் பல்லாக வந்து, மருந்து நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி ஒரு நகலும் கொடுத்தார்.

பூங்கொடி அந்த நகலைப் படுத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள். கருப்புத் தாளில் இரண்டு பெரிய இறக்கை, முழுக்க வெளிச்சம்.

"எம்புட்டு வெளிச்சம்ட்டி."

"அது என் நெஞ்சுல்லா, கோட்டி."

"என் பேருதான போட்டிருக்கு," என்றாள் பூங்கொடி. அவள் சிரிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துச் சாகும்போதும் அந்தத் தாள் அவள் தலைமாட்டில்தான் இருந்தது.

டீ ஆவி விலகிய அன்று மத்தியானம், ஆபீசில் செல்வலட்சுமி செம்பை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தமும், பெட்டிகள் சரியும் சத்தமும், தீக்குச்சி மருந்து நெடியும் எப்போதும் போலத்தான். பூங்கொடியின் இடத்தில் புதிதாக உட்கார்ந்திருந்த முத்துசெல்வி தலையைத் தூக்கினாள்.

"யக்கா, என்ன இப்படி இழுக்கு உங்களுக்கு?"

செல்வலட்சுமி விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீரை விழுங்கும்போது எவளும் மூச்சு இழுக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். சத்தம் அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. நீளமாக. கடைசியில் இரண்டு வெட்டு.

செம்பு கைநழுவிக் குச்சியெல்லாம் நனைந்தது. கணக்கப்பிள்ளை கத்தினார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. அப்போது அவளுக்கு வந்தது பயம்; சாயங்காலம் அவள் போனுக்குப் பூங்கொடியின் பெயரில் குறுஞ்செய்தி வந்தபோது அந்தப் பயம் கோபமாகிவிட்டது. பூங்கொடிக்குப் போன் கிடையாது, இவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது வருகை, நாளைக் காலை பதினொரு மணி. செல்வலட்சுமி அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். தன் நெஞ்சுப் படத்தில் பூங்கொடியின் பெயர் இருப்பதால்தான் இதெல்லாம் என்று அவளுக்குத் தோன்றியது. போவது, அது என் நெஞ்சு என்று சொல்வது, என் பெயரைப் போட வைப்பது. ஓர் உடம்புக்கு ஓர் ஆள்தான் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினாள். பட்டறையிலிருந்து வெல்லப்பாகு காய்கிற வாசனை ரோடு வரைக்கும் வந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அந்த வாசனை அறுந்து, ஏசிக் குளிரும் ஸ்பிரிட் நெடியும் முகத்தில் அடித்தன. சோதனைக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் அர்ஃபா மேஜையில் இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், நோயாளிகளை ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெண்.

"பூங்கொடியக்கா வரலையா?"

"அவ போயிட்டா. இன்னைக்கு இருவது நாளாச்சு."

அர்ஃபா வாய்க்குள் ஏதோ ஓதினாள். செல்வலட்சுமி உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. கேட்கக் கேட்க அர்ஃபாவின் முகம் வெளுத்தது.

"அக்கா, அந்த ஒரு படத்த வச்சுத்தான் இவங்களுக்கு மருந்து கேக்குதுன்னு எழுதியிருக்கோம்."

"தெரியும்மா. தப்புத்தான். எனக்கு என்ன வேணும்னாலும் செய்ங்க. அந்தப் படத்துல என் பேரப் போடுங்க, அது போதும்."

அர்ஃபா உள்ளே போய் டாக்டருக்குப் போன் பண்ணினாள். வெகுநேரம் கழித்து ஒரு தாளுடன் வந்தாள். நோய் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் படம் எடுப்பது அங்கே உண்டு. இவள் சம்மதித்தால் இவள் பெயரிலேயே இன்னொரு படம் எடுக்கலாம், இரண்டும் ஒத்துப்போனால் நாலாவது படம் யாருடையது என்பது நிரூபணம். செல்வலட்சுமி தாளை வாங்கி, கோட்டைத் தாண்டி, பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள். பேனா தாளைக் கிழித்தது.

தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். நீல அங்கி கொடுத்தார்கள். படம் எடுக்கும் ஹரி, மூச்சைக் கணக்குப் பார்க்கிற பட்டை ஒன்றை அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டி, கனமான கவசத்தை நெஞ்சில் வைத்து, குழாயை வாயில் கொடுத்தான். அவன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனதும் பலகை அவளை வெள்ளைக் குகைக்குள் இழுத்துக்கொண்டது. முகத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கூரை. எங்கோ ஒரு பம்ப் கிர்க் கிர்க்கென்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"இழுங்கக்கா… பிடிங்க."

வாயுவில் லேசான இனிப்பு இருந்தது. நெஞ்சு நிறைய இழுத்து வாயை இறுக்கினாள். மிஷின் தடதடவென்று தட்ட ஆரம்பித்தது.

"விடாதீங்கக்கா, பிடிங்க."

அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். தட்டுவது நின்றது.

"மூச்சு விட்டுட்டீங்க. மூச்சுக் கோடு ஏறி எறங்குது. இன்னொரு தடவ எடுப்போம்."

"நான் விடலய்யா."

இரண்டாவது தடவையும் அதையே சொன்னான். மூன்றாவது தடவை அவள் உதட்டைக் கடித்து, கண்ணை இறுக மூடி, கைவிரல்களைப் பலகையில் ஊன்றிக்கொண்டாள். தட்டும் சத்தம் அடங்கியது. பம்பும் நின்ற ஒரு கணம். அவள் மூச்சு தொண்டைக்குக் கீழே அப்படியே நின்றது.

அதற்கும் கீழே இன்னொன்று.

இழுத்தது. நீளமாக. வெட்டு. இன்னொரு வெட்டு. விட்டது.

"படம் வந்துருச்சுக்கா," என்றான் ஹரி. அவன் குரல் சரியில்லை. "நீங்க… வெளிய வாங்க."

செல்வலட்சுமி அங்கியோடே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்தாள். தடுக்க வந்த ஹரியை ஒதுக்கிவிட்டுத் திரைக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் இறக்கை இருந்தது. ஆனால் வெளிச்சம் மேல்விளிம்பில் மட்டும். கீழே எல்லாம் இருட்டு. நடுவில் அங்கங்கே அரித்தது போல ஓட்டை. கீழே அவள் பெயர். செல்வலட்சுமி, நாற்பத்தொன்று, நோய் இல்லாதவர்.

அர்ஃபா பூங்கொடியின் முதல் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்தினாள். ஓர் ஓட்டைகூட மிச்சமில்லாமல் பொருந்தியது.

"இது எப்படிக்கா…"

"நாலாவதத் தொற," என்றாள் செல்வலட்சுமி.

முழு வெளிச்சம் வந்தது. கீழே பூங்கொடியின் பெயர்.

"மாத்து. இப்பமே மாத்து."

அர்ஃபா பூங்கொடியின் பெயரை அழித்து அவள் பெயரை அடித்தாள். செல்வலட்சுமி காத்திருந்தாள். நெஞ்சில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே இருந்தது இழுத்தது, வெட்டியது, விட்டது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறு வருஷமும் இவள் நகர்ந்து கொடுத்தே பழகியவள். உள்ளே வந்திருப்பவள் இப்போதும் இவள் நகர்வதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. அழுகை வந்தது. அதற்கு முன்னால் ஆத்திரம் வந்துவிட்டது.

"ஏட்டி பூங்கொடி," என்று தன் நெஞ்சைப் பார்த்தே சொன்னாள். "நீ கேட்டா என் சோத்தக் குடுத்திருப்பேன். நீ செத்ததுக்குப் பெத்தவ மாதிரி அழுதேன். ஆனா இது என் மேலு, என் ஒடம்பு. இதுலருந்து நான் எந்திரிக்க மாட்டேன். யாருக்குக் காத்து வேணும்னு பாத்துருவோம்."

இடது கையால் மூக்கைப் பொத்தினாள். வலது கையை வாயின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அக்கா, என்ன செய்யுதீங்க?" அர்ஃபா அவள் தோளைப் பிடித்தாள்.

ஹரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அரை நிமிடம். செல்வலட்சுமியின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கருத்தது. கண்ணில் நீர் வழிந்தது. திரையிலிருந்து பார்வையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

ஒரு நிமிடம்.

அர்ஃபா அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. ஹரியும் வந்து இழுத்தான். குச்சி அடைத்தே உரம் ஏறிய விரல்கள்.

ஒன்றரை.

அப்போதுதான் இருவரும் குனிந்து பார்த்தார்கள். இருவர் கையும் தானாக விட்டது.

பொத்திய கைகளுக்குக் கீழே, நீல அங்கிக்குள், நெஞ்சு ஏறியது. இறங்கியது. எந்த அவசரமும் இல்லாமல் மறுபடி ஏறியது. இரண்டு சின்ன வெட்டு. இறங்கியது.

செல்வலட்சுமி கையை எடுக்கவில்லை.