ரிசல்ட் வருமுன்னே

முதுகு சில்லென்று நனைந்ததும்தான் விண்ணரசி திரும்பினாள்.

விடியலில் பூதலூரில் ரயிலேறி வந்தவள். அந்தக் கையெழுத்து எங்கே, இந்தச் சீட்டு எங்கே என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரி மாடிக்கும் கீழுக்கும் அலைந்து கால் மரத்துவிட்டது. அது போதாதென்று இது வேறு... வரிசையில் பின்னால் நின்றவன் கையில் ஒரு டிபன் டப்பா. அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மீன் வாடையோடு.

"என்னங்க, ஆள் மேல ஊத்துறீங்க?"

"ஐஸுங்க... மீன்காரர்கிட்ட வாங்கினேன். அம்மாவோட கட்டி உள்ள இருக்கு. மெழுகாச்சே, இந்த வெயில்ல உருகிடாதா?"

அவள் கையிலும் அப்படியொரு மெழுகுக் கட்டி இருந்தது. அக்கா ரோஸ்லின் மார்பில் எடுத்த சதையை அதில் பதித்துக் கொடுத்திருந்தார்கள். ஜீன் டெஸ்ட் செய்தால் அந்தப் புற்றுக்கு எந்த மருந்து கேட்கும் என்று தெரியுமாம். முன்பெல்லாம் இதற்கு மெட்ராஸ் போகணும், பணமும் கொட்டணும். இப்போது இங்கேயே இலவசம்தான்... அலைச்சல் மட்டும் குறையவில்லை.

கவுண்டர்காரர் டப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சும்மா கவரில் போட்டுக்கொண்டு வந்தால் போதுமாம், ஐஸில் வைத்தால்தான் விரிசல் விடுமாம். நல்லவேளை, கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அசடு வழிய அவளைப் பார்த்தான். தூக்கமில்லாமல் சிவந்த கண்... அதிலும் ஒரு சிரிப்பு. கோபமாக இருக்க நினைத்தாள், முடியவில்லை.

பெயர் பகலவன். கீழ்வேளூர்ப் பக்கம் அறுவடை மிஷின் ஓட்டுகிறான். அன்று வரிசையில் நம்பர் வாங்கிக்கொண்டவன், டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்கத்தான் முதலில் போன் செய்தான். போகப்போக, டெஸ்டைத் தவிர மற்றதெல்லாம் பேசினார்கள்.

ரோஸ்லினுக்கு ஏற்ற மாத்திரை கிடைத்தது. ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இது பெற்றவர்கள் வழியாக வந்த ஜீன் கோளாறு, தங்கைக்கும் இருக்கலாம். இருந்தால் வியாதி வந்தே தீரும் என்றில்லை, முன்னாடியே கவனித்துக்கொள்ளலாம். ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றார்.

அப்பா லூர்துராஜ் கூடவே கூடாது என்று நின்றார். ஊருக்குத் தெரிந்தால் இவளை எவன் கட்டுவான்? விண்ணரசிக்கு அப்பா மேல் எரிச்சல். அவர் பேச்சுக்குப் பயந்த தன் மேல் அதைவிட எரிச்சல். பகலவன் போனை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

ஐப்பசித் தூறலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் வரப்பில் வழுக்கி வழுக்கி வந்தான்.

"யாருடி அது, சேத்துல குளிக்க சலவைச் சட்டை போட்டு வந்திருக்கு?" என்றாள் பக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஈஸ்வரி. நடவாட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பகலவன் என்று தெரிந்ததும் விண்ணரசி நாற்றைப் போட்டுவிட்டு வரப்பேறினாள். டாக்டரம்மா சொன்னதையும் அப்பா சொன்னதையும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"அம்மாவைத் தூக்கிக்கிட்டு அலையிறது பத்தாதா உங்களுக்கு? போங்க."

"ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்காமலே என்னைத் தொரத்துறீங்க. நல்லா இருக்குங்க நியாயம்." மழைநீர் அவன் இமையில் நின்றது. "அன்னைக்குத் திட்டினீங்களே, அப்பவே பிடிச்சுப்போச்சு. கட்டிக்கிறீங்களா?"

அவள் சேற்றுக் கையைப் பார்த்தாள்.

"அப்பா என்ன சொன்னாலும் ரத்தம் குடுத்துடுறேன். ரிசல்ட் வரட்டும்... அப்புறம் சொல்றேன்."

"அது வேணாம்." முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "நல்லா வந்தா சரிம்பீங்க. மோசமா வந்தா முடியாதும்பீங்க. அது ரத்தம் சொல்ற பதிலுங்க. எனக்கு நீங்க சொல்றதுதான் வேணும், இப்பவே."

தூறல் வலுத்தது. பின்னால் நடவாட்களின் பேச்சு நின்றுபோயிருந்தது. இத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கும்போதா கேட்பான், இந்த மனுஷன்...

"போனை எடுக்காத நாளெல்லாம் உங்ககூடத்தான் மனசுக்குள்ள பேசிக்கிட்டுக் கிடந்தேன்..." என்றாள். "ரிசல்ட் எப்படி வேணா வரட்டுங்க. நான் உங்களைத்தான் கட்டிக்குவேன்."