மெனிகா மூட்டிய நெருப்பு

சனிக்கிழமை காலையில் ரிக்கா கண்விழித்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிர்வீடு கூடத் தெரியவில்லை.

ஓய்வு நாளில் யூதர் வீட்டில் யாரும் நெருப்பைத் தொடக் கூடாது. அதனால் ஃபெராரா நகரத்து யூதர் தெருவில் கிறிஸ்தவப் பெண்கள் வந்துதான் அடுப்பு மூட்டுவார்கள். ரிக்கா வீட்டுக்கு வருபவள் ஜெல்சா. இன்றைக்கு என்ன, நான் எழுவதற்குள் வந்து மூட்டிவிட்டுப் போய்விட்டாளே என்று ரிக்கா நினைத்துக்கொண்டாள். கைக்குழந்தை ரபாயேல் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கதவைத் தட்டிக்கொண்டு ஜெல்சா வந்தாள். தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, நேரமாயிடுச்சு. நேத்துத்தான் மெனிகா அத்தைய அடக்கம் பண்ணினோம்."

"மெனிகாவா? ஐயோ, எப்ப?" ரிக்கா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இதை யாருடி மூட்டினது?"

ஜெல்சா வாசலைத் தாண்டவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்படியிலிருந்து தொட்டில் வரைக்கும் ஈரக் காலடிகள். வலது கால் தடம் மட்டும் இழுத்து இழுத்துப் பதிந்திருந்தது. மெனிகா அப்படித்தான் நடப்பாள்.

ரிக்கா தொட்டிலுக்கு ஓடினாள்.

குழந்தையின் நெற்றி நனைந்திருந்தது.

மெனிகா கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. ரிக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள்தான் அந்த வீட்டில் நெருப்பு மூட்டினாள். ரபாயேல் பிறந்தபோது அவனைத் தூக்கிக் கொஞ்சியதில் பாதி அவள்தான். அவ்வளவு பாசம்! வினையே அந்தப் பாசத்தில்தான் வந்தது. இலையுதிர் காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தபோது மெனிகா கண்கலங்கச் சொன்னாள்: "ஒரு சொட்டுத் தண்ணி, ஒரு வார்த்தை, அவ்வளவுதாம்மா. செத்தாலும் புள்ளை மோட்சத்துக்குப் போயிடும்."

ரிக்கா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு சொட்டு என்ன செய்யும் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். யார் ஊற்றினாலும் சரி, அப்பன் ஆத்தாளுக்குத் தெரியாமல் ஊற்றினாலும் சரி, ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான். அப்புறம் அந்தக் குழந்தை திருச்சபைக்குச் சொந்தம். காவலர்கள் வண்டி கொண்டுவந்து தூக்கிப் போய்விடுவார்கள். பெற்றவள் தலைகீழாக நின்றாலும் திரும்பக் கிடைக்காது.

அன்றைக்கே ரிக்காவின் புருஷன் லியோனே மெனிகாவைப் பத்திரம் எழுதுபவரிடம் கூட்டிப் போனான். 'இந்தக் குழந்தைமேல் நான் தண்ணீர் ஊற்றியதில்லை' என்று எழுதவைத்து, சிலுவைக் குறி போடச் செய்து, வேலையை விட்டு நிறுத்தினான். கிறிஸ்தவ வேலைக்காரியை அனுப்பும்போது அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதுதான் அது. கிழவி அழுதுகொண்டே போனாள்.

"சாகுற வரைக்கும் இந்தப் புள்ளையத்தான் கேட்டுச்சு. ஞானஸ்நானம் இல்லாம செத்தா புள்ளை இருட்டுலயே கிடக்குமேன்னு புலம்பிச்சு," என்றாள் இன்னும் வாசலிலேயே நின்ற ஜெல்சா.

லியோனே ஜெபக்கூடத்திலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கேட்டான். முகம் வெளுத்துவிட்டது. "வெளிய மூச்சு விடாதே," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பொழுது சாய்வதற்குள் அவன் வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினான். குடம், சட்டி, பூவாளி, எதையும் விடவில்லை.

"தாகமெடுத்தா பக்கத்து வீட்டுல போய்க் குடிப்போம். தண்ணியே இல்லேன்னா அவ என்னத்தை ஊத்துவா?"

"புத்திசாலிதான் நீங்க," என்றாள் ரிக்கா. அந்தக் கலக்கத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளும் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை.

சனிக்கிழமை அந்தி. லியோனே மாலை ஜெபத்துக்குப் போயிருந்தான். நட்சத்திரம் தெரியாமல் விளக்கேற்றக் கூடாது. அறை சாம்பல் நிறத்தில் மங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு அணைந்து நெடுநேரமாகியிருந்தது.

நனைந்த கம்பளியின் வாடை வந்தது.

அடுப்பில் ஒரு சுள்ளி படபடவென்று பற்றியது.

ரிக்கா குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஒரு காலடி. அப்புறம் இழுக்கும் சத்தம். ஒரு காலடி. இழுக்கும் சத்தம். குடம் இருந்த மூலையில் அது நின்றது. எதையோ துழாவியது. வெறும் குடம் தரையில் உருண்டது.

பிறகு அவள் பக்கம் திரும்பியது.

"வேணாம் மெனிகா… உனக்குப் புண்ணியமாப் போகும், வேணாம்…"

பயத்தில் ரிக்காவின் கண்கள் நிறைந்து வழிந்தன. சில்லென்று ஒரு விரல் அவள் கன்னத்தைத் தொட்டது. கண்ணீரை மெல்ல வழித்து எடுத்தது. குழந்தை சிணுங்கினான்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயராலே…"

வாசலில் யாரோ வீறிட்டார்கள். அடுப்பு மூட்ட வந்த ஜெல்சா. கையிலிருந்த விறகைப் போட்டுவிட்டு மூடுபனிக்குள் ஓடினாள். நேரே மாதா கோயிலுக்குத்தான் ஓடியிருக்க வேண்டும். இரண்டு நாளில் ரிக்காவை விசாரணைக்குக் கூப்பிட ஆள் வந்துவிட்டது.

லியோனே வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். "ஒத்தைச் சாட்சிதான் அவங்ககிட்ட இருக்கு. அதுவும் பேயைப் பார்த்தேங்கிற பொண்ணு. எதுவுமே நடக்கலேன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வேணாம், உன் காலைப் பிடிக்கிறேன்."

அவனை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

விசாரித்த சாமியாருக்குக் கடுமையான சளி. ஆளும் சிடுசிடுப்பானவர் அல்ல. பேனாவைத் தொட்டு எழுதிக்கொண்டே பேசினார்.

"செத்தவ ஞானஸ்நானம் குடுத்தா செல்லுமான்னு எனக்கே குழப்பமா இருக்கும்மா. ஆம்பளையோ பொம்பளையோ, யார் வேணா குடுக்கலாம்னு இருக்கு. உசுரோட இருக்கணும்னு எங்கயும் படிச்ச ஞாபகமில்ல."

"அவ எழுதிக் குடுத்த பத்திரம் இருக்கு ஐயா."

"அது உசுரோட இருந்தப்ப எழுதினது." மூக்கைச் சிந்தினார். "ஆனா ஒரே சாட்சி. அது பத்தாது. நீ பார்த்தியா? அவ தண்ணியத் தொட்டு…"

"தண்ணியே கிடையாதே ஐயா!" ரிக்காவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "வீட்டுல ஒரு சொட்டு இல்லாம கொட்டிட்டோம். அது தண்ணியில்ல, என் கண்ணீரு! கண்ணீருல ஞானஸ்நானம் உண்டா? நீங்களே சொல்லுங்க!"

சாமியார் எழுதுவதை நிறுத்தினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

"அப்ப விரல் நெத்தியில பட்டுது," என்றார் மெதுவாக. "வார்த்தையும் கேட்டுச்சு."

ரிக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப ரெண்டு சாட்சி ஆயிடுச்சும்மா. கண்ணீர் செல்லுமா செல்லாதான்னு ரோமாபுரிக்கு எழுதிக் கேக்குறேன். பதில் வர்ற வரைக்கும் புள்ளை எங்ககிட்ட இருக்கட்டும்."

பதில் வரவேயில்லை. குழந்தையை ஏற்றிய வண்டி போன பிறகு, ரிக்காவின் ரவிக்கை பாலில் நனைந்து ஒட்டிக்கொண்டது. லியோனே அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வண்டி போன வாரத்துச் சனிக்கிழமை அடுப்பு மூட்ட யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லியோனே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ரிக்கா வெறும் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தி கவிந்தது.

நனைந்த கம்பளியின் வாடை.

அடுப்பில் சுள்ளி பற்றியது.

ஒரு காலடி. இழுக்கும் சத்தம். தொட்டிலுக்கு வந்து நின்றது. தொட்டில் ஒருமுறை ஆடியது. உள்ளே துணிகளை யாரோ ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து விலக்கிப் பார்த்தார்கள்.

பிறகு அவள் காதருகே, பதறிப்போன ஒரு கிழக்குரல்:

"அம்மா… புள்ளை எங்கம்மா?"

ரிக்கா தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தானாக வழிந்தது.

சில்லென்ற விரல் ஒன்று வந்து அதைத் துடைத்தது.