குள்ளம்மாள் விட்டுப்போன கம்பளி

தர்மபுரியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் பெயர் சுபா. பதினொரு வருடமாக அங்கே நர்ஸ். பேய், பிசாசு என்று வார்டில் யாராவது ஆரம்பித்தால், "போய் வேலையைப் பாருங்க" என்று விரட்டுகிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆள் பற்றாக்குறை. தொடர்ந்து மூன்றாவது ஷிஃப்டாக நின்றுகொண்டிருந்தேன், கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு வத்தல்மலையிலிருந்து சத்யராஜ் என்பவரைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயது, ஃப்ளூ காய்ச்சல். கூட வந்தது மனைவி ஜெயபிரியா மட்டும்தான். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. சத்யராஜை ஐந்தாம் கட்டிலில் படுக்க வைத்தோம். குளிரில் அவருக்குப் பல் தந்தியடித்தது.

"மலையில இருக்கிறவருக்கே குளிருதா?" என்று கேலி செய்தேன்.

"போத்திக்க ஏதாச்சும் இருக்குங்களா சிஸ்டர்? அவசரத்துல ஒண்ணும் எடுத்தாரலைங்க" என்றாள் ஜெயபிரியா.

இருந்தது. அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது.

இரண்டு நாள் முன்புவரை நான்காம் கட்டிலில் குள்ளம்மாள் இருந்தார். காரிமங்கலம் பக்கம், புளி உடைக்கிற வேலை, ஐம்பது வயது. நிமோனியா. சளியைப் பரிசோதித்ததில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி என்று வந்தது. அதிலும் வழக்கமான ஆன்டிபயாட்டிக் எதற்கும் அடங்காத வகை. எங்களிடம் வந்து சேரும்போதே நேரம் கடந்துவிட்டது. "மூச்சு குடும்மா, கொஞ்சம் மூச்சு குடும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் இறந்தவரின் சாமான்களை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். குள்ளம்மாளின் மகனும் பக்கெட், ஃபிளாஸ்க், கம்பளி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார். அப்படிக் கிடப்பதை இல்லாதப்பட்ட நோயாளிக்குக் கொடுத்துவிடுவது வார்டில் வழக்கம். ஆனால் இந்தக் கிருமி வந்தவரின் பொருள் மஞ்சள் பையில் போட்டு எரிக்கப் போக வேண்டும். மற்றதையெல்லாம் போட்டேன். கம்பளி மட்டும் சந்தையில் வாங்கிய புதுசு. தூக்கிப்போட மனசு வரவில்லை. மொட்டைமாடியில் அரை நாள் வெயிலில் காயப்போட்டேன். வெயில் பட்டால் எந்தக் கிருமியும் செத்துவிடும் என்பது எங்கள் அம்மாவின் பேச்சு. படித்த படிப்பெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ!

அந்தக் கம்பளியைத்தான் சத்யராஜுக்குப் போர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் எகிறியது. சளியில் ரத்தம். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாகத் தெரிந்தன. டாக்டர் கலைவாணன் வழக்கமான ஊசியை எழுதினார். "சளியில கிருமி வளத்துப் பாக்கற கல்ச்சர் ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். என்ன கிருமின்னு தெரிஞ்சதும் மருந்தை மாத்திக்கலாம்" என்றார்.

இரண்டு நாள் சத்யராஜ் தாங்க மாட்டார். என்ன கிருமி என்பது எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் வேலை போய்விடும் என்றும் தெரியும்.

வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணி. சாப்பாடு முடிந்து வார்டே கிறங்கிக் கிடந்தது. தலைக்கு மேல் ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று தரையில் விழுந்தது. சத்யராஜின் மூச்சை எண்ண உட்கார்ந்தேன். மானிட்டர் என்ன காட்டினாலும், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவது என் பழக்கம். முப்பத்தாறு வந்தது. திரையில் ஐம்பத்து நான்கு.

ஒயர்களைப் பிடுங்கி மாற்றி ஒட்டினேன். மறுபடி எண்ணினேன்.

முப்பத்தாறு.

திரையில் ஐம்பத்து நான்கு.

பதினெட்டு மூச்சு கூடுதல். நோய்நொடி இல்லாத ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் விடுவார்.

அப்போது ஒரு வாசனை வந்தது. ஃபீனாயில் இல்லை. புளி. கொட்டை நீக்கிய பழைய புளியின் வாசனை.

"சிஸ்டர்..." ஆக்சிஜன் மாஸ்குக்குள்ளிருந்து சத்யராஜ் முனகினார். "கால்மாட்டுல உக்காந்திருக்கிற அம்மாவ எந்திரிக்கச் சொல்லுங்க."

கால்மாட்டில் யாரும் இல்லை.

மெத்தை மட்டும் அங்கே அமுங்கியிருந்தது.

"என்ன கேக்கறாங்க?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"மூச்சு கேக்கறாங்க. தர மாட்டேன்னா கம்பளிய இழுக்கறாங்க."

கம்பளி அவர் மார்பிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. அவர் கைகள் இரண்டும் வெளியேதான் கிடந்தன.

மாதாவே! சிலுவை போடக் கை எழவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பயத்தைவிட அலுப்புதான் எனக்கு அதிகம். பொய்யைச் சுமந்து சுமந்து ஓய்ந்துபோயிருந்தேன். கால்மாட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"அவர விட்டுடுங்க. எடுத்துப் போத்தினது நான்தான். கேக்கறத எங்கிட்ட கேளுங்க."

அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

திரையில் முப்பத்தாறு.

நேராக டாக்டரிடம் போய்க் கம்பளியைப் பற்றிச் சொன்னேன். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "நர்ஸா நீங்க? காலையிலயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" கால் மணி நேரத்தில் வேறு மருந்து டிரிப்பில் ஏறியது. கம்பளியை நானே மஞ்சள் பையில் போட்டுக் கட்டினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜெயபிரியாவிடமும் ஒன்று விடாமல் சொன்னேன், பேயைத் தவிர. என்னை அறைவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"அவரு வூட்டுக்கு வருவாருங்களா? அத மட்டும் சொல்லுங்க சிஸ்டர்."

டிரிப்பைப் பார்க்க உள்ளே ஓடினேன்.

வந்தார். ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட் வந்தது, அதே கிருமிதான். திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. பத்தொன்பதாம் நாள் சத்யராஜ் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே பஸ் ஏறப் போனார். எனக்கு மெமோ கொடுத்தார்கள், வேலை போகவில்லை. அன்று சாயங்காலம்தான் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் வார்டு ஆட்கள் எல்லோருக்கும் பரிசோதனை. என் மூக்கில் எடுத்த சாம்பிளில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். "அப்புறம் ஏன் இப்படி ஓஞ்சு தெரியறீங்க? உக்காருங்க, ஹார்ட்டைப் பாத்துடலாம்" என்றார் டாக்டர் கலைவாணன். ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்தார்.

"மூச்சை நிறுத்துங்க. அந்தச் சத்தத்துல எனக்கு ஹார்ட் கேக்கல."

நிறுத்தினேன்.

"சிஸ்டர், நிறுத்துங்கன்னு சொன்னேன்."

நிறுத்தித்தான் இருக்கிறேன் என்று தலையாட்டினேன். அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். அசையாத என் நெஞ்சைப் பார்த்தார்.  ஆனால் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை, உள்ளே ஏறி இறங்கும் மூச்சுச் சத்தத்தை இன்னும் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"மூச்சு விடாதீங்க," என்று கிசுகிசுத்தார். "நீங்க விடாதீங்க."

நான் விடவில்லை.