மூன்றாவது சிலிண்டரின் தேம்பல்

பட்டறைக்குள் அவர் கிட்டே போனால்தான் அந்த வண்டி நடுங்கியது.

முதலில் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை பல் டாக்டரம்மா அந்த வெள்ளை டர்போ காரைப் பட்டறைக்குள் ஓட்டிவந்து, எஞ்சினை அணைக்காமலே இறங்கினார். வண்டி வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்கண்ணா, இங்க வந்ததும் நல்ல பிள்ளையாட்டம் நிக்குது. சிக்னல்ல நின்னா உதறுது. ஸ்டீயரிங்ல வெச்ச கை கூட ஆடுது. எஞ்சின் விளக்கு ஒரு நாள் எரியுது, ஒரு நாள் எரியல."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். இரண்டடி தூரம் இருக்கும்போது எஞ்சின் ஒரு துடிப்பை விட்டது. பிறகு இன்னொன்று. வண்டி முழுக்கச் சிலிர்த்து, முன்கண்ணாடியில் தொங்கிய குட்டி பொம்மை ஆடத் தொடங்கியது.

"இதோ, இதேதான்!" டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பல்வலிக்காரங்க என் நாற்காலியில உக்காந்ததும் வலி போயிடுச்சும்பாங்க. இது பரவாயில்ல, உங்களப் பாத்ததும் வலியக் காட்டுது."

அவரும் சிரித்தார். கோளாறு காட்டும் கருவியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சட்டென்று அடங்கி, பழையபடி வழவழவென்று ஓடியது. கருவியோடு திரும்பி வந்தார். மறுபடி நடுக்கம்.

"வாங்கும்போதே இப்படித்தானா?"

"வாங்கி மூணு வாரம் ஆகுது. பழைய எஞ்சின் போயிடுச்சாம், வேற வண்டியோடதைப் போட்டிருக்காங்க. விபத்துல சிக்கின வண்டியாம். பின்னாடிதான் அடியாம், எஞ்சினுக்கு ஒரு கீறல் கூட இல்லன்னு விக்கறவர் சொன்னார்."

திங்கட்கிழமை தருவதாகச் சொல்லி டாக்டரம்மாவை அனுப்பிவைத்தார்.

அந்தத் தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். இருபத்தாறு வருடமாக வண்டிகளைக் காதால் பார்க்கிறவர். தொலைபேசியில் எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்தால் போதும், இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்பது பழைய கதை. பதினான்கு மாதங்களாக அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்கு வாய் கசந்தது.

கருவி மூன்றாவது சிலிண்டரைக் காட்டியது. நான்கு சிலிண்டர்களும் முறைவைத்து எரியவேண்டும். மூன்றாவது மட்டும் முறை தவறிக்கொண்டிருந்தது. டர்போ வண்டியில் இது சகஜம்தான். டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தில், கொஞ்சம் சோடையான தீப்பொறி என்றாலும் அணைந்துபோகும். பொறி கொடுக்கும் காயிலை மூன்றாவதிலிருந்து கழற்றி முதலாவதில் மாட்டினார். காயில் கெட்டிருந்தால் கோளாறும் கூடவே இடம் மாறவேண்டும். மாறவில்லை. பிளக்கை மாற்றினார். எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றினார். காற்றுக் குழாய்களில் புகையைச் செலுத்தி எங்காவது கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். இல்லை. அழுத்தம் அளந்தார். நான்கும் ஒன்றுபோல் இருந்தன. நோய் இருந்தது, உடம்பில் ஒரு குறையும் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு, கடைசியாக, எஞ்சின் பக்கவாட்டில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கைத் துடைத்து, அங்கே பொறித்திருந்த எண்ணைப் படித்தார்.

மறுபடி துடைத்தார். மறுபடி படித்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த எண்ணை அவர் போலீஸ் நிலையத்தில் எழுதியிருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் எழுதியிருக்கிறார். மகளின் நசுங்கிய வண்டியை உடைசல்காரனுக்குக் கொடுத்தபோதும் எழுதியிருக்கிறார். தன் பிறந்த தேதியை மறந்தாலும் அதை மறக்க முடியாது.

மகளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி, அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வண்டியை வாங்கியிருந்தாள். "அப்பா, நிக்கறப்போ ஒரு மாதிரி உதறுதுப்பா" என்று மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை கருவியை மாட்டினார், பதிவாகியிருந்த பிழையை அழித்தார், விளக்கு அணைந்தது. "பெட்ரோல் சரியில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. வரிசையில் ஆறு வண்டிகள் நின்றன. வீட்டு வண்டிதானே.

இது மனைவிக்குத் தெரியும். தெரிந்ததிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. பட்டறைக்கு மேலேதான் வீடு. தட்டை வைப்பாள், போவாள். ஒரே கூரையின் கீழ் பதினான்கு மாதங்களாக அவர் கேட்டது அவள் காலடிச் சத்தம் மட்டும்தான். பட்டறைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மனைவிக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. வண்டி அணைந்து பாலத்தின் மேல் நின்றபோது மகள் அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா, வண்டி நின்னுடுச்சு. கிளப்பினா கிளம்பல. மழை கொட்டுதுப்பா, பின்னாடி ஒண்ணுமே தெரியல."

வண்டியை விட்டு இறங்கி ஓரமா நில்லும்மா. அவ்வளவுதான் சொல்லியிருக்கவேண்டும். அஞ்சே வார்த்தை.

"பத்து நிமிஷம்மா, கையில வேலையா இருக்கேன்" என்றார். மறுபடி மணி அடித்தபோது, கை முழுக்க கிரீஸ், எடுக்கவில்லை. அடுத்து வந்த அழைப்பு போலீசிடமிருந்து. அவள் தொலைபேசி லாரிக்கடியில் தூளாகிப்போயிருந்தது. தன்னுடையதிலிருந்த அந்த இரண்டு அழைப்புகளையும் அன்று மாலையே அவர் அழித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு அவர் தூங்கவில்லை. வண்டியை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். முடியாது. அன்றைக்குப் பார்க்காமல் விட்டதை இன்றைக்காவது பார்த்தாகவேண்டும். ஒரு விரிசல், ஒரு தளர்ந்த கம்பி, ஏதோ ஒன்று கையில் அகப்பட்டுவிட்டால், தான் செய்த குற்றத்துக்கு ஒரு அளவாவது கிடைக்கும்.

ஞாயிறு பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்கு விடுமுறை. சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். மூன்று மணிக்கே உள்ளே அந்தி மாதிரி மங்கல். தகரக் கூரையில் மழையின் ஓயாத இரைச்சல், ஈர ரப்பரும் பழைய எண்ணெயும் கலந்த வாடை, அதற்கு அடியில் மிக லேசாக, ஷாம்பு போட்டுக் குளித்த தலைமுடி காயும்போது வருகிற வாசம். டாக்டரம்மாவின் வண்டிதானே, இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒற்றை விளக்கைப் பானெட்டில் தொங்கவிட்டு எஞ்சினைக் கிளப்பிவிட்டு இறங்கினார். அவர் பானெட் பக்கம் வந்ததும் அது நடுங்க ஆரம்பித்தது.

கோளாறு காட்டும் கருவியை மாட்டியபடியே விட்டு, மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இளவயதில் கற்ற வித்தை: முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால், உள்ளே நடப்பதெல்லாம் எலும்பு வழியாக வந்து சேரும்.

முதலாவது சிலிண்டர். சீரான துடிப்பு. இரண்டாவது. அதேபோல். நான்காவது. அதுவும்.

மூன்றாவதில் முனையை ஊன்றிக் கண்ணை மூடினார்.

அது உலோகத்தின் சத்தம் இல்லை. வெகுநேரம் அழுது ஓய்ந்த பிள்ளைக்கு அழுகை நின்ற பிறகும் மூச்சு ஓரிடத்தில் தட்டி, இழுத்து, விம்மி மேலேறுமே, அந்தத் தேம்பல். இழுப்பு. தட்டல். இழுப்பு. ஐந்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து, இவர் தோளில் முகம் புதைத்து, இவர் காதுக்குள்ளேயே தேம்பிக்கொண்டு தூங்கியவளின் மூச்சு. அவருக்குத் தெரியாதா?

"பாப்பா?"

எஞ்சின் திணறியது. அணையப்போகிற மாதிரி தாழ்ந்து, உலுக்கிக்கொண்டு எழுந்தது.

"அப்பாவ மன்னிச்சிடும்மா."

கருவியின் திரையில் தவறிய துடிப்புகளின் எண்ணிக்கை நாற்பதிலிருந்து நானூறுக்குத் தாவியது. வண்டி நான்கு சக்கரத்திலும் கிடுகிடுவென்று ஆடியது. அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். ஆட்டம் குறைந்தது. இன்னொரு எட்டு. இன்னும் குறைந்தது. சுவரில் முதுகு முட்டும்வரை போனார். எஞ்சின் அமைதியாக, நிம்மதியாக ஓடியது.

தன்னைக் கண்டுதான் நடுங்குகிறது. பயத்திலா, வெறுப்பிலா என்று மட்டும் புரியவில்லை.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

மனைவி இறங்கி வந்தாள். தலை கலைந்திருந்தது. பிற்பகல் தூக்கத்திலிருந்து எழுந்தவள் போலச் செருப்புக்கூடப் போடாமல், சிந்திக் கிடந்த எண்ணெயை மிதித்துக்கொண்டு நேராக வந்தாள். அவர் பக்கம் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, ஓட்டுகிற இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

எத்தனையோ மாலைகளில் இந்தச் சத்தம் தெருமுனை திரும்பும்போதே மாடியில் அடுப்பைப் பற்றவைத்தவள் அவள். எண்ணைப் படிக்கவேண்டிய அவசியம் அவளுக்கு இருந்திருக்காது.

அவர் மெல்ல முன்னால் வந்தார். வண்டி நடுங்கவில்லை. பானெட் அருகிலேயே வந்து நின்றார். ஒரு சின்ன உதறல்கூட இல்லை. திரையைப் பார்த்தார். பூஜ்யம். கண்ணில் நீர் முட்டியது. நான்கு சிலிண்டர்களும் இப்படி ஒத்துப்போய் ஓடுவதை அவர் எந்த வண்டியிலும் கேட்டதில்லை.

உள்ளே மனைவி பேசிக்கொண்டிருந்தாள்.

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு கேட்கும் குரல். காலியாகக் கிடந்த ஓட்டுகிற இருக்கையைப் பார்த்து, தலையை ஆட்டி ஆட்டி, இடையிடையே நிறுத்திக் கேட்டு, மறுபடி பேசினாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் சொற்கள் விளங்கவில்லை. அவர் பக்கக் கண்ணாடி அருகே குனிந்தார்.

அவள் முகத்தைத் திருப்பினாள். கண்ணாடி ஓர் அங்குலம் இறங்கியது. அவள் கை மடியில்தான் இருந்தது.

"ரெண்டு தடவை கூப்பிட்டாளாமே."

அவர் கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"ரெண்டாவது தடவை நீங்க எடுக்கவே இல்லையாமே."

"யாரு... யாரு சொன்னா உனக்கு?"

கண்ணாடி ஏறியது. நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. டக்.

கைப்பிடியை இழுத்தார். கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தார். "கதவத் திற! புகை சேர்ந்திடும், இறங்கு, இறங்குன்னு சொல்றேன்ல!" முக்கால்வாசி மூடிய பட்டறைக்குள் புகை ஏற்கெனவே தரையோடு படர்ந்து கணுக்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார். அசையவில்லை. கொக்கியைப் பார்த்தார். கொக்கி போடவே இல்லை. மறுபடி தூக்கினார்.

எஞ்சினை நிறுத்தவேண்டும்.

பானெட்டுக்கு ஓடினார். பொறி இல்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது. முதல் காயிலின் இணைப்பைப் பிடுங்கினார், காயிலை உருவி எறிந்தார். வண்டி உதறவேண்டும்.

உதறவில்லை.

இரண்டாவதைப் பிடுங்கினார். பாதி எஞ்சின் செத்துவிட்டது. சத்தம் மாறவில்லை.

நான்காவது. வழவழவென்று ஓடியது.

மூன்றாவதில் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. எஞ்சின் சூடு இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிச் சூடு. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினார்.

ஓடியது.

பேட்டரியைக் கழற்றினார். தொங்கவிட்ட விளக்கு வேறு மின்சாரம், அது எரிந்தது. கருவியின் திரை இருண்டது. எஞ்சின் ஓடியது. டர்போவின் வாய்க்குப் போகும் காற்றுக் குழாயைப் பிய்த்து, உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினார். கையை உறிஞ்சவேண்டும். உறிஞ்சவில்லை.

உள்ளேயிருந்து மூச்சு வந்தது. ஈரமாக. அவர் விரலிடுக்குகளில்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இருமல் பிடித்தது. தலை சுற்றியது. வண்டியைப் பிடித்துக்கொண்டே பக்கக் கண்ணாடிக்குத் தட்டுத் தடுமாறி வந்தார். "அவள விட்டுடும்மா," என்றார். "நான்தானே. என்னை எடுத்துக்கோ. அம்மாவ விட்டுடு."

கண்ணாடிக்குப் பின்னால் மனைவி அவரைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு காலி இருக்கைப் பக்கம் திரும்பினாள். இந்தமுறை சொற்கள் தெளிவாகக் கேட்டன.

"அவரு வேண்டாம்மா. நாம ரெண்டு பேரும் போலாம்."

சொல்லிவிட்டு, உள்ளங்கை மேலே இருக்கும்படி வலது கையை நடுவில் நீட்டி வைத்தாள்.

மணிக்கட்டுக்குக் கீழே அவள் தோல் மெல்ல அமுங்கியது. ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் பதிகிற இடங்களில் சதை வெளுத்து உள்ளே போயிற்று, சுற்றிலும் ரத்தம் கட்டிச் சிவந்தது, பள்ளங்கள் இறுகின, இன்னும் இறுகின. அவள் வலிக்கிறதென்று முகம் சுளிக்கவில்லை. தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அங்கே இல்லாத கையைச் சுற்றி, கெட்டியாக மூடிக்கொண்டாள்.